தும்பியின் இரண்டாவது இருக்கை

ஜனவரி 12

அன்பு அக்காவுக்கு,

நலம்தானே? தோள் எப்படி இருக்கிறது? எலும்பு கூடிவிட்டாலும் குளிர்காலத்தில் வலிக்கும் என்று மருத்துவர் அப்போதே சொன்னார். நீ கடிதமே போடுவதில்லை என்று நன்றாகச் சண்டை பிடிக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் செய்தி பெரியது. சண்டையைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

பதிலைப் பள்ளி நூலக முகவரிக்கே போடு. நூலக டீச்சர் உறையைப் பிரிக்காமல் தருகிறார். வீட்டுக்கு எழுதிவிடாதே. உன் பேச்சு வந்தாலே அப்பா கையில் இருப்பதை எறிகிறார். போன வாரம் அம்மா வாய் தவறி, "பெரியவ இருந்திருந்தா இந்த வயரிங்க எப்பவோ முடிச்சிருப்பா" என்றாள். தேநீர்க் குவளை அவள் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் உடைந்தது. அம்மா குனிந்து சில்லுகளைப் பொறுக்கினாள். அப்பா, "வேற குவளையில ஊத்திக் கொண்டா" என்றார்.

செய்திக்கு வருகிறேன். அப்பாவின் சின்ன கார், நம் தும்பி, பிறக்கப்போகிறது. அப்பா இரண்டு களிமண் மாதிரிகளை மண்வெட்டியால் வெட்டிப் போட்டது உனக்குத் தெரியும். மூன்றாவது பிழைத்துவிட்டது. பட்டறையின் நீளச் சுவரில் கறுப்பு நாடா ஒட்டி வண்டியை அதன் முழு அளவில் வரைந்திருக்கிறார். மூக்கிலிருந்து கூரை வழியாக வால் வரை ஒரே இழுப்பு. நாடாவை இழுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். அந்த நேரத்தில் மட்டும் அவர் கை யாரையும் அடிக்கக்கூடிய கை மாதிரியே தெரியாது. பக்கத்தில் வண்டியின் உள்ளளவு பார்க்க அடித்த அந்தப் பலகைக் கூடு, அதில் இரண்டு இருக்கைகள். இரண்டாவது இருக்கை என்னுடையது. பன்னிரண்டு வயதிலிருந்து நான் அதில்தான் உட்கார்ந்து படிக்கிறேன். அப்பாவும் வெல்டர் சித்தப்பாவும் என் தலைக்கு மேலும் தோளுக்குப் பக்கத்திலும் கம்பி வளைத்து அளவெடுப்பார்கள். மணிக்கணக்கில் அசையாமல் உட்காருவதற்கு வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? புத்தகம் கொடுத்தால் போதும், நான் மரக்கட்டை.

நேற்று பஸ் முதலாளி வந்தார். நகரத்துக்குள் வாடகைக்கு விட நூறு சின்ன வண்டி வேண்டுமாம். தும்பியின் களிமண் மாதிரியைச் சுற்றி வந்து கூரையில் விரலால் தட்டிப் பார்த்தார். "அழகாத்தான் சார் இருக்கு. ஆனா பிஸ்கட் டப்பா மாதிரி இருக்கே. இதுல உங்க வீட்டுப் பிள்ளைய உட்கார வைப்பீங்களா?" என்று சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. "வைப்பேன். பரீட்சை லீவுல வாங்க. நானே ஓட்டிட்டுப் போய் உங்க கண்ணு முன்னாடி சுவத்துல மோதுறேன். பக்கத்து சீட்ல எம் பொண்ணு இருப்பா. மோதினதும் கதவத் திறந்துட்டு ரெண்டு பேரும் இறங்கி வருவோம்."

தெருவில் போகும் வேகம்தான், அக்கா. பயப்படாதே. வீட்டில் நான் எப்போதும் 'புழு'தான். வெளியாள் ஒருவரிடம் அப்பா என்னை 'எம் பொண்ணு' என்று சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை. நாள் முழுக்க அந்தச் சொல் காதிலேயே இருந்தது.

நீயும் வாயேன். வண்டியைச் சுவரில் மோதுவதுதானே உன் வேலை. தும்பி தாங்கி நிற்பதைப் பார்த்தால் உங்கள் இருவருக்கும் கோபம் ஆறிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சண்டைக்கு இடமில்லை, தாள் தீர்ந்துவிட்டது.

உன் அன்புத் தங்கை,
புழு


ஜனவரி 23

என் புழுவுக்கு,

தோள் கழுத்துக்குக் கீழே அதே இடத்தில்தான் இருக்கிறது. நான் எழுதாததற்கு முழுக்காரணம் சோம்பேறித்தனம். திட்டிக்கொள்.

நீ அந்த வண்டியில் உட்காரக் கூடாது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இங்கே நான் செய்வது என்னவென்று உனக்குச் சரியாகச் சொன்னதில்லை. புது வண்டியைக் கம்பியால் இழுத்துக் கான்கிரீட் கட்டையில் விடுவோம். உள்ளே ரப்பர்த் தோல் போர்த்திய இரும்புப் பொம்மைகள் இருக்கும். மோதும் சத்தம் காதில் கேட்பதற்கு முன் வயிற்றில் கேட்கும். கண்ணாடி தூளாகி மழை மாதிரி விழும். தூசி அடங்கியதும் நான்தான் முதலில் ஓடிப்போய்க் கதவை இழுக்க வேண்டும். மேலே மாடத்திலிருந்து எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "கதவு திறந்துச்சா?" எனக்கு அந்தக் கேள்வியைச் சின்ன வயதிலேயே கற்றுக்கொடுத்தவர் அப்பா. கதவு திறந்தால் உள்ளே இருப்பவருக்கு இடம் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

அன்றைக்குப் பட்டறையில் நான் சொன்னதும் அதுதான். தும்பியின் மூக்கு ஒரு முழம் நீள வேண்டும், அது மடங்கினால்தான் உள்ளே இருப்பவர் மடங்க மாட்டார் என்றேன். "என் கோட்டைத் தொடாதே" என்றார். நான் நாடாவில் கைவைத்தேன். இரும்புக் கிளாம்ப் பறந்து வந்து தோள் எலும்பை உடைத்தது. மீதிதான் உனக்குத் தெரியுமே, ஆட்டோவில் என் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் நீதானே.

ஒன்று பார்த்து எழுது. நீ காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் முழங்காலுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவே எத்தனை விரல் இடம் இருக்கிறது?

அம்மாவிடம் எதையும் காட்டாதே. ஒழுங்காகச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 9

அன்பு அக்காவுக்கு,

நீ கேட்ட கேள்விக்கு விடை: ஒரு விரல்கூட இல்லை. அதாவது, இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. வரிசையாகச் சொன்னால்தான் உனக்குப் புரியும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தும்பியின் நிஜ உடம்பு சக்கரத்தில் நின்றது. முழுக்க இரும்பு, முழுக்க வெள்ளை. அப்பா எனக்குக் கதவைத் திறந்துவிட்டார், ஒரு டிரைவர் மாதிரி குனிந்து. நான் ஏறிக் காலைக் கீழே இறக்கினேன். இரண்டு முழங்காலும் டாஷ்போர்டில் போய் இடித்தன.

யாருக்கும் புரியவில்லை. பிறகு சித்தப்பாதான் தலையில் அடித்துக்கொண்டார். பலகைக் கூட்டில் நான் ஒருநாளும் காலைத் தொங்கவிட்டதில்லை, அக்கா. படிக்கும்போது சம்மணம் போட்டுத்தான் உட்காருவேன். புத்தகத்துக்கு மடி வேண்டுமே. மூன்று வருடமாக என் தலையையும் தோளையும் மாதாமாதம் அளந்தவர்கள் காலை மட்டும் முதல் நாள் அளந்ததோடு விட்டுவிட்டார்கள். மடியில் புத்தகம் இருந்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை. தும்பி என் பன்னிரண்டு வயதுக் காலுக்குக் கட்டப்பட்டிருக்கிறது.

"பின்னாடி தள்ளி உட்காரு" என்றார் அப்பா. தள்ளி உட்கார்ந்தேன். "இன்னும்." இன்னும் தள்ள இடமில்லை. இரும்பு ஸ்கேலால் என் முழங்காலில் அடித்தார். முதல் அடி வலிக்கவில்லை, ஆச்சரியமாக இருந்தது. அதற்கப்புறம் வலித்தது. வளர்ந்ததற்காக ஒருவர் அடி வாங்கியதாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

பிறகு அறுக்கும் மெஷினை எடுத்தார். டாஷ்போர்டுக்குப் பின்னால் இந்தக் கதவுத் தூணிலிருந்து அந்தக் கதவுத் தூண் வரை ஒரு தடித்த குழாய் போகிறது அல்லவா, அதில் கைவைத்தார். சித்தப்பா குறுக்கே வந்து, "அண்ணே, வண்டிய நிமிர்த்திப் பிடிச்சிருக்கிறதே இதுதான். சீட்ட மாத்துவோம், தரைய இறக்குவோம், ஒரு மாசம் ஆகட்டும்" என்றார். அப்பா ஸ்கேலைத் திருப்பி அதன் விளிம்பால் அவர் காதில் அடித்தார். காது மடல் பிளந்து தொங்கியது. வெள்ளை பானெட்டில் ரத்தம் கோடு போட்டது. சித்தப்பா காதைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அப்பா தின்னரில் துணியை நனைத்து முதலில் பானெட்டைத் துடைத்தார்.

என் கையில் டார்ச்சைக் கொடுத்தார். நான் பிடித்தேன். என் பக்கத்துக் குழாய் முழுவதையும் அறுத்து எடுத்தார். பொறி என் பாவாடையில் விழுந்து சின்னச் சின்ன ஓட்டைகள். மிஞ்சிய நுனிக்கு வெள்ளை பெயின்ட் அடித்தார். பிறகு ரொம்ப அன்பாக, "இப்ப கால் தட்டுதாடா கண்ணு?" என்று கேட்டார். இல்லப்பா என்றேன். நிஜமாகவே தட்டவில்லை.

நான்கு விரல் இடம் இருக்கிறது, அக்கா. அது நல்லதுதானே?

உன்
புழு


பிப்ரவரி 20

புழு,

நல்லதில்லை.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு மேலாளரிடம் போய்க் கெஞ்சினேன். கழித்துப்போட்ட சின்ன வண்டி ஒன்று முற்றத்தில் கிடந்தது. அதே குழாயை அதே இடத்தில் நானே அறுத்தேன். பொம்மைகளில் சிறியதைத் தேர்ந்தெடுத்துக் காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்தேன். அப்பா சொல்லும் தெரு வேகத்தில் விட்டோம்.

கதவுத் தூண் உள்ளே வந்தது. டாஷ்போர்டு மொத்தமாக இறங்கிப் பொம்மையின் மடியில் உட்கார்ந்தது. தொடைக்குள் இருக்கும் இரும்புக் கம்பி இடுப்போடு முறுக்கிக்கொண்டது. கதவைத் திறக்க முடியவில்லை, வெட்டித்தான் எடுத்தோம். பொம்மை கத்தவில்லை. பொம்மைக்கு வலிக்காது, அதற்காகத்தான் பொம்மை. நான்தான் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

இங்கே வந்துவிடு. என் அறையில் இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறது. பக்கத்துத் தெருப் பள்ளியில் பேசிவிட்டேன். நூலகம் உங்கள் நூலகத்தைவிடப் பெரியது, ஏணி போட்டு ஏறிப் புத்தகம் எடுக்க வேண்டும். உன்னைக் கூப்பிட வேறு லஞ்சம் எனக்குத் தெரியவில்லை.

அக்கா


மார்ச் 14

அன்பு அக்காவுக்கு,

ஏணி உள்ள நூலகம் என்று நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். கெட்டிக்காரி நீ.

அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். உன் பெயரை எடுக்கவில்லை. குழாய் இல்லாவிட்டால் கதவுத் தூண் உள்ளே வருமாமே என்று மட்டும், ஏதோ படித்ததைக் கேட்பது போலக் கேட்டேன். அவர் அடிக்கவில்லை. என்னை நாடாச் சுவருக்குக் கூட்டிப்போய், கூரைக் கோட்டின் நாடாவை உரித்துவிட்டு, புது நாடாவின் நுனியை என் கையில் தந்தார். "மூச்சப் பிடிச்சுக்கோ. நடுவுல நிக்காத. இழு." இழுத்தேன். கோடு அழகாக வந்தது. அவர் என் தலையில் கைவைத்து, "உனக்கு அப்பா மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார்.

அந்தக் கோடு அவ்வளவு நேராக வந்திருக்காவிட்டால் வேறு பதில் சொல்லியிருப்பேனோ என்னவோ. இருக்குப்பா என்றேன்.

மறுநாள் பள்ளியிலிருந்து வந்தபோது அம்மாவின் வலது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தது. என்னம்மா என்றேன். "சமையலறைக் கதவுல நசுங்கிடுச்சு" என்றாள். நம் சமையலறைக்குக் கதவு கிடையாது, துணித்திரைதான் என்று உனக்கும் தெரியும். உன்னோடு பேசுவது அம்மாதான் என்று அப்பா நினைத்துவிட்டார்.

அதனால் நான் வர முடியாது. நான் உட்காரவில்லை என்றால் மீதி விரல்கள் இருக்கின்றன. சித்தப்பாவுக்கு இன்னொரு காது இருக்கிறது. நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், என் கால்தான் மலிவாக வருகிறது. இதை நீ வேடிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

நாள் குறித்தாகிவிட்டது. ஏப்ரல் 11, காலை. நீ வந்தால் என் பயம் பாதியாகும். முதன்முறையாக எழுதுகிறேன்: எனக்குப் பயமாக இருக்கிறது.

உன்
புழு


மார்ச் 25

புழு,

டிக்கெட் வாங்கினேன். பெட்டியோடு ஸ்டேஷனில் நின்றேன். ரயில் வந்து நின்று புறப்பட்டும் போனது. நான் ஏறவில்லை. அந்தப் பட்டறை வாசலை நினைத்தாலே என் கண் தானாக மேலே போகிறது, எதுவோ பறந்து வருகிற திசைக்கு. நூறு வண்டிகளைச் சுவரில் மோதவிட்டவளுக்கு ஒரு மனிதர் முன்னால் போய் நிற்கத் தைரியம் இல்லை. என்னைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

அதனால் என்னிடம் இருக்கிற ஒரே ஆயுதத்தை எடுக்கிறேன். நீ அந்த இருக்கையில் உட்கார்ந்தால், உயிரோடு முழுசாக இறங்கி வந்தால்கூட, இனி உனக்குக் கடிதம் எழுத மாட்டேன். உன் கடிதத்தைப் பிரிக்கவும் மாட்டேன். மிரட்டல்தான் இது. நம் வீட்டில் வேறு எதைக் கற்றுக்கொண்டோம்?

உட்காராதே.

அக்கா


ஏப்ரல் 18

அன்பு அக்காவுக்கு,

நான் உட்கார்ந்தேன். நீ இதைப் பிரிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாய். இருந்தாலும் பிரிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

பட்டறைக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் சித்தப்பா கான்கிரீட் கட்டைகளை அடுக்கிவைத்திருந்தார். பஸ் முதலாளி இரண்டு ஆட்களோடு வந்தார். வேடிக்கை பார்க்கப் பக்கத்துப் பட்டறைக்காரர்களும் கூடினார்கள். அம்மா கட்டுப் போட்ட கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு இரும்புக் கேட்டருகில் நின்றாள். அப்பா சலவைச் சட்டை போட்டிருந்தார். எனக்குக் கதவைத் திறந்து, பெல்ட்டை அவரே மாட்டி, இழுத்துப் பார்த்துச் சரிசெய்தார். சுவர் நேராகத் தெரிந்தது. அது அவ்வளவு சாம்பல் நிறம் என்று அதற்கு முன் நான் கவனித்ததில்லை.

அப்பா வண்டியைக் கிளப்பினார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் மேலே எடுத்துச் சம்மணம் போட்டேன். திட்டம் எதுவும் இல்லை, அக்கா. என் கால் தானாக அப்படிப் போனது. அந்த இருக்கையில் அதற்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"காலக் கீழ வைம்மா" என்றார். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே.

"மாட்டேன்பா."

"கீழ வை."

பஸ் முதலாளி ஜன்னல் பக்கம் வந்து குனிந்தார். "என்ன பாப்பா, பயமா? நல்லா உட்காரு, ஒண்ணும் ஆகாதுன்னு அப்பா சொல்றாரில்ல."

பள்ளியில் கேள்விக்குப் பதில் சொல்லும் குரலில்தான் சொன்னேன், வேறு குரல் வரவில்லை. "கால் வைக்க இடம் பத்தலைன்னு இங்க இருந்த குழாய அப்பா அறுத்துட்டாரு. மோதினா இந்த டாஷ்போர்டு என் மடியில வந்து உட்காரும்."

பஸ் முதலாளி கையை உள்ளே விட்டு டாஷ்போர்டுக்கு அடியில் தடவினார். வெள்ளை பெயின்ட் அடித்த நுனி அவர் கையில் தட்டியிருக்கும். கையை எடுத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார்.

அப்பா என்னை அறைந்தார். பெல்ட் பிடித்திருந்ததால் விலக முடியவில்லை. மூன்றாவது அறையில் என் பல் உதட்டைக் கிழித்தது. பெல்ட்டைக் கழற்றித் தலைமுடியைப் பிடித்து அவர் பக்கத்துக் கதவு வழியாகவே என்னை வெளியே இழுத்துப் போட்டார். சித்தப்பா ஓடிவந்தார், அவருக்கு வயிற்றில் ஓர் உதை. "பாருங்கடா" என்றார் அப்பா. கதவைச் சாத்திக்கொண்டு வண்டியைப் பின்னால், ரொம்பப் பின்னால், ரோடு வரைக்கும் எடுத்தார்.

தெரு வேகம் இல்லை, அக்கா. தும்பியால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

நீ எழுதியது சரி, முதலில் வயிற்றில்தான் கேட்கிறது. மூக்கு மடங்கவே இல்லை. வண்டி முழுவதும் ஒரே அடியாகக் குட்டையானது. அறுபட்ட பக்கம் உள்ளே போனது, கூடவே அவர் பக்கத்தையும் இழுத்துக்கொண்டு போனது. கூரைக்கோடு, அந்த ஒரே இழுப்புக் கோடு, நடுவில் உடைந்து மேலே தூக்கிக்கொண்டு நின்றது. ஹாரனில் அவர் மார்பு சாய்ந்திருந்ததால் அது விடாமல் அலறியது. நானும் சித்தப்பாவும் கதவை இழுத்தோம். அம்மா ஒரு கையால் இழுத்தாள். வரவில்லை. குழாயை அறுத்த அதே மெஷினால் சித்தப்பா கதவை அறுத்தார். உள்ளே அவருடைய கால்கள் எங்கே முடிகின்றன, இரும்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சலவைச் சட்டை மட்டும் தோளில் வெள்ளையாகவே இருந்தது. பஸ் முதலாளி ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுத் தன் காருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

உயிர் இருக்கிறது. வலது காலை முட்டிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். இடது காலுக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் கண் திறந்தார். அம்மாவைத் தேடவில்லை. கட்டிலருகே நின்ற என்னைப் பார்த்து, "கதவு திறந்துச்சா?" என்று கேட்டார்.

திறந்தது என்று சொல்லியிருக்கலாம். நர்ஸ்கூட அப்படித்தான் சொல்லச் சொல்லிக் கண்ஜாடை காட்டினார்.

"திறக்கலப்பா" என்றேன்.

சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நேற்று அம்மா என் பெட்டியைக் கட்டிவைத்தாள். உன்னோடு எழுதிக்கொண்டிருப்பது நான்தான் என்று அவளுக்கு முதலிலிருந்தே தெரியுமாம். விரல் உடைந்தபோதும் சொல்லவில்லை. நீயும் வாம்மா என்றேன். "அவர் தானா எழுந்து நிக்கிற வரைக்கும் நான் பாக்கணும். எழுந்து நின்னுட்டா, அன்னைக்கே நானும் வந்துடுறேன்" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. எண்ணெய் தேய்த்து என் தலையைப் பின்னிவிட்டாள். மூன்று விரலால் பின்னியதால் ஜடை கோணலாக இருக்கிறது. அவிழ்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வா. இந்த முறை நீ ஏற வேண்டாம், நின்றால் போதும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் கூடத்தில் அடுத்த வண்டி மோதும் அன்றைக்கு என்னையும் உள்ளே விடச் சொல். மோதுவதைப் பார்ப்பதற்கு அல்ல, அதை நான் பார்த்துவிட்டேன். அதற்கு முன்னால், அந்தச் சின்னப் பொம்மையை இருக்கையில் தூக்கி வைப்பீர்கள் இல்லையா, அப்போது அதன் காலை நான் கீழே இறக்கி வைக்க வேண்டும்.

உன் தங்கை,
புழு